நான்கு சுரங்களின் மேல் ஒரு புலம்பல்: மொன்டெவெர்டியை ஜாஸ், ராக் குழுவோடு பதிவு செய்த அனுபவம்

இத்தாலிய இசையமைப்பாளர் கிளவுதியோ மொன்டெவெர்டி 1638-இல் வெனிசில் அச்சிட்ட, மாட்ரிகல் எனப்படும் பல குரல் பாடல்களின் எட்டாவது தொகுதியில், காதலன் கைவிட்டுப் போன ஒரு வனமங்கையின் புலம்பல் இருக்கிறது. ‘லமென்டோ டெல்லா நின்ஃபா’ என்பது அதன் பெயர். சொற்கள் ஒத்தாவியோ ரினுச்சினியுடையவை. அதன் நடுப்பகுதியில் அடிக்குரல் ஏ, ஜி, எஃப், ஈ என்று நான்கு படி இறங்குகிறது. இறங்கி முடித்ததும் மறுபடியும் ஏ-யிலிருந்து தொடங்குகிறது. இப்படி 34 சுற்றுகள். அந்தச் சுற்றின் எல்லைகளைப் பொருட்படுத்தாமல் பெண் குரல் முந்தியும் பிந்தியும் நீண்டு செல்ல, இரண்டு டெனர்களும் ஒரு பேஸ் குரலும் தணிந்த ஓசையில் அவளுக்காக இரங்குகின்றன. பழைய இசையில் பயிற்சி பெற்று, பிழைப்புக்காக ஜாஸ் விடுதிகளில் பாடும் தோழி ஒருவர், இந்தப் புலம்பலை டபுள் பேஸ், எலக்ட்ரிக் கிட்டார், ஆர்கன், டிரம்ஸ் ஆகியவற்றோடு பாட வேண்டும் என்று சென்ற குளிர்காலத்தில் கேட்டார். ஆர்கன் வாசிப்பதும் ஒலிப்பதிவைக் கவனிப்பதும் என் பொறுப்பாயின. அதைச் செய்து முடித்த விதத்தையும் எங்கெங்கே சறுக்கினோம் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முன்னோடிகள் இல்லாமல் நாங்கள் தொடங்கவில்லை. தியோர்போ என்ற பழைய தந்திக் கருவியின் கலைஞர் கிறிஸ்டினா ப்ளூஹார் 2000-இல் தொடங்கிய லார்பெஜ்ஜாத்தா குழு, சுற்றி வரும் அடிக்குரலின் மேல் அமைந்த 17-ஆம் நூற்றாண்டு இத்தாலியச் சக்கோனாக்களையும் பின்னர் ஆங்கில இசையமைப்பாளர் பர்சலின் பாடல்களையும் ஜாஸ் கிளாரினெட் கலைஞர் ஜான்லூயிஜி ட்ரோவேசியோடு சேர்ந்து பதிவு செய்திருக்கிறது. அந்தப் பதிவுகளைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: சுற்றி வரும் அடிக்குரலின் மேல் அந்த நேரத்துக்குத் தோன்றுவதை வாசிப்பது என்பது இரண்டு மரபுகளுக்கும் பொதுவான தொழில். 1620-களின் தியோர்போ கலைஞருக்கு முன்னால் இருந்ததும் ஒரு பேஸ் வரிசையும் சில எண்களும்தான். இன்றைய ஜாஸ் பியானோ கலைஞருக்கு முன்னால் இருப்பது ஒரு மெட்டும், சேர்ந்து ஒலிக்க வேண்டிய சுரக் கூட்டங்களைச் சொல்லும் சில கார்டுக் குறிகளும்தான். ஆகையால் இணைப்பு எளிது என்று நினைத்துக்கொண்டு இறங்கினோம். அந்த நினைப்பு இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை.

பதிவு நடந்த இடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நாங்கள் வசிப்பது சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில். 1963-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் இந்நாட்டில் கட்டப்பட்ட அடுக்குமாடிகள் பலவற்றின் அடியில் போர்க்காலக் காப்பறைகள் உண்டு. கனத்த கான்கிரீட் கதவும் காற்று வடிகட்டியும் கொண்ட அந்த அறைகள் இப்போது சைக்கிளும் மதுப்புட்டியும் வைக்கவும், இசைக் குழுக்கள் பயிற்சி செய்யவும் பயன்படுகின்றன. இலங்கையில் வளர்ந்த எனக்குப் ‘பங்கர்’ என்ற சொல்லோடு வரும் நினைவுகள் வேறு. ஓசை வெளியே போகாது என்பதற்காகவே ஒரு பங்கரைத் தேடி வாடகைக்கு எடுப்பேன் என்று அந்த நாள்களில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அடுத்தடுத்த இரண்டு அறைகள் கிடைத்தன. ஒன்றில் டிரம்ஸும் கிட்டார் ஒலிபெருக்கியும். மற்றதில் பாடகி, தியோர்போ, டபுள் பேஸ், நான். நடுவில் அந்தக் கதவு. ஒரே குறை ஈரப்பதம். தியோர்போவின் கீழ்த்தந்திகள் எட்டும் ஆட்டுக்குடல் நரம்பால் ஆனவை; காற்றில் ஈரம் மாறும்போதெல்லாம் அவற்றின் சுருதியும் மாறும். ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை இரவு முழுவதும் ஓடவிட்டு, பதிவின்போது மட்டும் நிறுத்தி வைத்தோம். அப்படியும் ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் நாற்பது நிமிடங்கள் சுருதி சேர்ப்பதிலேயே கழிந்தன.

தியோர்போவை அருகிலிருந்து பார்க்காதவர்களுக்காக: லூட் குடும்பத்தைச் சேர்ந்த, ஆள் உயரத்தை மிஞ்சும் கருவி அது. எங்கள் கருவியில் 14 தந்திகள். முதல் ஆறும் விரல் பலகையின் மேல் செல்பவை. மீதி எட்டும் நீண்ட இரண்டாம் கழுத்துக்குப் போய், விரல் வைக்காமல் திறந்தபடியே ஒலிப்பவை. தந்தியின் நீளம் அதிகம் என்பதால் மேல் இரண்டு தந்திகளையும் அவற்றுக்குரிய உயரத்துக்கு முறுக்கினால் அறுந்துவிடும். எனவே அவை ஒரு ஸ்தாயி தாழ்த்திக் கட்டப்படுகின்றன, கருவியிலேயே உயர்ந்த ஓசை மூன்றாம் தந்தியிலிருந்து வருகிறது. ஏ சுருதியில் கட்டிய தியோர்போவில் ஆறாம் தந்தி ஏ, ஏழாவது ஜி, எட்டாவது எஃப், ஒன்பதாவது ஈ. அதாவது இந்தப் புலம்பலின் அடிக்குரல் முழுவதும் அடுத்தடுத்த நான்கு திறந்த தந்திகளில் இருக்கிறது. வாசிப்பவர் இடக்கையை எடுத்துவிட்டு, வலக்கைக் கட்டைவிரலை மட்டும் ஒவ்வொரு படியாக நகர்த்தி எங்களுக்கு வாசித்துக் காட்டினார். அந்தக் கட்டைவிரலின் நடையைப் பார்த்த பிறகுதான் இந்த இசை எனக்குள் உட்கார்ந்தது.

முதல் சிக்கல் சுருதியில் வந்தது. பாடகியும் தியோர்போக் கலைஞரும் பழைய ‘மீன்டோன்’ சுருதி அமைப்பையே கேட்டார்கள். இன்றைய பியானோவில் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சமமான பங்குகளாக, பங்குக்கு 100 சென்ட் என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. அதில் பெரிய மூன்றாம் இடைவெளி, அதாவது சி-யிலிருந்து ஈ வரை, 400 சென்ட். இயற்கையான 5:4 விகிதத்துக்கு வேண்டியதோ 386 சென்ட். மீன்டோன் அமைப்பு, சி-யிலிருந்து ஜி வரை போன்ற ஐந்தாம் இடைவெளிகளைச் சற்றே குறுக்கி, 700-க்குப் பதில் 696.6 சென்ட் ஆக்கி, அதற்கு விலையாக மூன்றாம் இடைவெளிகளைத் தூய்மையாகப் பெறுகிறது. ஆனால் வட்டம் மூடுவதில்லை. ஜி ஷார்ப்புக்கும் ஈ ஃபிளாட்டுக்கும் இடையே 737.6 சென்ட் அகலத்தில் ஒரு ஐந்தாம் இடைவெளி எஞ்சிவிடும். அது ஊளையிடுவது போல் ஒலிப்பதால் ஐரோப்பிய இசைக்காரர்கள் அதை ‘ஓநாய்’ என்கிறார்கள். எந்தச் சுரக் கூட்டத்தையும் எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம் என்று பழகிய ஜாஸ்காரருக்கு இது சிறைவாசம். டபுள் பேஸ் வாசிப்பவர் முதல் நாளே, சமச் சுருதியிலேயே வைத்துக்கொள்ளலாமே, கேட்பவர் யாருக்கு வித்தியாசம் தெரியப் போகிறது என்று கேட்டார். நானும் உள்ளூர அவர் பக்கம்தான் இருந்தேன்.

இருந்தாலும் முயன்று பார்ப்பதற்காக, என் மென்பொருள் ஆர்கனுக்கு ஸ்காலா வகைச் சுருதிக் கோப்பு ஒன்றை எழுதினேன். இது வெறும் எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு சுரமும் தொடக்கச் சுரத்திலிருந்து எத்தனை சென்ட் தொலைவில் இருக்கிறது என்பதை வரிக்கு ஒன்றாகக் குறிக்க வேண்டும். சி-யிலிருந்து தொடங்கினேன்: சி ஷார்ப் 76.0, டி 193.2, ஈ ஃபிளாட் 310.3, ஈ 386.3, எஃப் 503.4, எஃப் ஷார்ப் 579.5, ஜி 696.6, ஜி ஷார்ப் 772.6, ஏ 889.7, பி ஃபிளாட் 1006.8, பி 1082.9, கடைசியில் 1200. கோப்பு சரிதான். ஆனால் வாசித்த முதல் நிமிடத்திலேயே பாடகி கையை உயர்த்தி, ஆர்கன் தாழ்ந்திருக்கிறது என்றார். நான் மறுத்தேன், சுருதிமானி அவர் பக்கம் சாய்ந்தது. மென்பொருள் சி-யைப் பியானோவின் சி-யில் நிறுத்திவிட்டு அங்கிருந்து எண்ணியிருக்கிறது. பியானோவில் சி-யிலிருந்து ஏ 900 சென்ட். என் கோப்பில் 889.7. ஆகவே என் ஏ, 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் சுமார் 437.4-இல் ஒலித்துக்கொண்டிருந்தது. தியோர்போ ஏ 440-இல் இருக்க, நான் மட்டும் பத்து சென்ட் கீழே. மென்பொருளில் ஆதார சுரத்தை ஏ 440 என்று மாற்றியதும் சரியாயிற்று. இதே வேலையில் இறங்குவோர் கோப்பை எழுதும் முன் ஆதார சுரத்தைப் பூட்டிக்கொள்வது நல்லது. ஒரு மாலைப் பொழுது மிச்சமாகும்.

அடுத்தது டபுள் பேஸ். அதன் விரல் பலகையில் சுர இடங்களைப் பிரிக்கும் குறுக்குக் கட்டைகள் இல்லை; எந்தச் சுருதியையும் தொட முடியும். ஆனாலும் தியோர்போவோடு சேரும்போது மூன்றாம் படியில், எஃப் வரும்போதெல்லாம், ஒரு மெல்லிய அலை எழுந்து தணிந்தது. ஏறத்தாழ ஒன்றரை நொடிக்கு ஓர் அலை என்று எண்ணினேன். காரணத்தைக் கணக்கே சொல்லிவிட்டது. தியோர்போவின் ஏ 110 ஹெர்ட்ஸ். அதிலிருந்து தூய பெரிய மூன்றாம் இடைவெளி கீழே இறங்கினால் எஃப் மிகச் சரியாக 88 ஹெர்ட்ஸ். பேஸ் கலைஞரின் விரலோ இருபது ஆண்டுப் பழக்கத்தில் பியானோவின் எஃப்-ஐத் தேடிப் போனது. தியோர்போவின் ஸ்தாயியில் அது 87.3 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் உள்ள 0.7 ஹெர்ட்ஸ்தான் அந்த அலை. மீன்டோனில் ஈ-க்கும் எஃப்-க்கும் இடையே 117 சென்ட். ஜாஸ் கலைஞரின் காது அந்த அரைச் சுரத்தை நெருக்கி வைக்கத்தான் விரும்பும். ஈ தந்தியில் அவர் விரல் பாலத்தை நோக்கிச் சுமார் முக்கால் சென்டிமீட்டர் நகர வேண்டியிருந்தது. விரல் பலகையின் ஓரத்தில் வெள்ளைப் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கலாம் என்றேன். தம்மைப் பள்ளிப் பையனாக்குவதாகச் சொல்லிக் கோபித்துக்கொண்டார். அடுத்த வாரம் வந்து பார்த்தபோது புள்ளி இருந்தது. அதைப் பற்றி இருவரும் எதுவும் பேசவில்லை.

பேஸ் சரியானதும் ஆர்கனில் ஜாஸ் கார்டுகளைப் புகுத்தத் தொடங்கினேன். ஈ-க்கு வந்து சேர, அதற்கு முன்னால் பி ஏழு கார்டைப் போடுவது எவருடைய கைக்கும் முதலில் வரும் வழி. போட்டேன். ஓநாய்க்கு நெருங்கிய உறவினன் ஒருவன் அறைக்குள் வந்தான். பி கார்டுக்கு டி ஷார்ப் வேண்டும். என் விசைப்பலகையில் அந்த விசை ஈ ஃபிளாட்டாகச் சுருதி கூட்டப்பட்டிருந்தது. சமச் சுருதியில் இரண்டும் ஒன்றே. மீன்டோனில் டி ஷார்ப் 41 சென்ட் தாழ்ந்தது, அரைச் சுரத்தில் ஏறத்தாழப் பாதி. அதனால் 386 சென்டில் இனிமையாக இருக்க வேண்டிய மூன்றாம் இடைவெளி 427 சென்டில் கத்தியது. இந்தத் தொல்லை பழையவர்களுக்கும் இருந்திருக்கிறது: 17-ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஹார்ப்சிகார்டுகள் சிலவற்றில் அந்தக் கறுப்பு விசையை முன்பாதி, பின்பாதி என்று இரண்டாகப் பிளந்து, ஒன்றை ஈ ஃபிளாட்டாகவும் மற்றதை டி ஷார்ப்பாகவும் வைத்திருந்தார்கள். என் விசைப்பலகையைப் பிளக்க முடியாது. ஆனால் எங்கள் புலம்பலில் ஈ ஃபிளாட்டுக்கு வேலையே இல்லை. கோப்பில் 310.3 என்ற எண்ணை அழித்து 269.2 என்று எழுதினேன்.

அந்த ஒற்றை எண் மாறியதும் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. எஃப் படியில் எஃப் ஏழு கார்டைப் பிடித்து ஈ-க்கு இறங்குவது ஜாஸில் மிகப் பழகிய மாற்று வழி; பி ஏழுக்குப் பதிலாக அதைப் போடுவார்கள். அந்தக் கார்டின் ஏழாம் சுரம் பியானோவில் எஃப்-இலிருந்து 1000 சென்ட் மேலே, ஒருவகை உரசலோடு நிற்கும். இப்போது அது எனக்கு 965.8 சென்டில் கிடைத்தது. இயற்கையான மேற்சுரங்களின் வரிசையில் ஏழாவது, அதாவது 7:4 விகிதம், 968.8 சென்ட். வித்தியாசம் மூன்றே சென்ட். கார்டு அசையாமல், உரசலே இல்லாமல், ஒரே மணியிலிருந்து வரும் ஓசை போல நின்றது. ஏ-க்குத் திரும்பும்போது போடும் பி ஃபிளாட் ஏழு கார்டிலும், ஜி ஷார்ப் விசையின் தயவால், இதே அமைதி. ஜாஸ்காரர்கள் பதற்றத்துக்காகப் போடும் கார்டுகள் 400 ஆண்டுப் பழைய சுருதியில் இப்படி இளைப்பாறும் என்று எனக்கு முன்பே யாரும் சொல்லியிருக்கவில்லை. டபுள் பேஸ் கலைஞர் வில்லைக் கீழே வைத்துவிட்டு அதை மறுபடியும் வாசிக்கச் சொன்னார். சமச் சுருதியைப் பற்றிய பேச்சு அன்றோடு முடிந்தது.

அதைவிடப் பெரிய வியப்பு ஓவர்டிரைவில் இருந்தது. புரோகிரசிவ் ராக் என்றவுடன் காதில் வரும் ஓசைகளுள் ஒன்று, ஒலிபெருக்கியை அதன் எல்லைக்கு மேல் தள்ளிக் கரகரப்பாக்கிய ஆர்கன். கரகரப்புச் சாதனத்துக்குள் இரண்டு சுரங்களைச் சேர்த்து அனுப்பினால், அவற்றின் அதிர்வெண் வித்தியாசமும் ஒரு புதிய சுரமாக வெளியே வரும். ராக் கிட்டார்க்காரர்கள் ஓவர்டிரைவில் மூன்றாம் இடைவெளியைத் தவிர்த்து ஐந்தாம் இடைவெளியையே பெரும்பாலும் பிடிப்பதற்கு இதுவே காரணம்: சமச் சுருதியில் எஃப் 349.2, ஏ 440, வித்தியாசம் 90.8 ஹெர்ட்ஸ். அது எஃப்-உம் அல்ல, எஃப் ஷார்ப்பும் அல்ல; இரண்டுக்கும் நடுவில் நெளியும் சேறு. மீன்டோனில் எஃப் 352, ஏ 440, வித்தியாசம் 88. தியோர்போவின் எட்டாம் தந்தி அதிரும் அதே 88. நான் வலக்கையில் இரண்டு விசைகளை மட்டும் அழுத்த, ஓவர்டிரைவ் தானாகவே மொன்டெவெர்டியின் அடிக்குரலை எழுதித் தந்தது. ஜி படியில் ஜி-யும் பி-யும், ஈ படியில் ஈ-யும் ஜி ஷார்ப்பும் இதே போல் தமக்குரிய அடியைத் தாமே உண்டாக்கின. ஏ படி மட்டும் ஒத்துழைக்கவில்லை. அங்கே ஏ மைனர் கார்டின் சி-யும் ஈ-யும் சேர்ந்து கீழே ஒரு சி-யைப் பிறப்பிக்கின்றன. ஏ அடிக்குரலோடு அது முட்டுகிறது. எனவே ஒவ்வொரு சுற்றிலும் முதல் படியில் ஆர்கனின் கையை எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் குரலுக்கும் தியோர்போவுக்கும் விட்டோம். இந்த ஏற்பாட்டில் எங்கள் ரசனைக்குப் பெரிய பங்கில்லை. கணக்கு தடுத்த இடத்தில் நின்றோம். கேட்பவர்கள் அதை அழகான மௌனம் என்று பாராட்டும்போது நான் தலையசைத்துக்கொள்கிறேன்.

கிட்டாரின் கட்டைகள் சமச் சுருதியில் பதிக்கப்பட்டவை; லூட்டில் கட்டும் குடல் கட்டைகளைப் போல் நகர்த்த முடியாது. கிட்டார்க்காரர் விரலில் கண்ணாடிக் குழாயை மாட்டிக்கொண்டு, கட்டைகளைத் தொடாமல் வழுக்கி வாசித்தார். கார்டுகள் இல்லை, ஒற்றை வரிதான். போதுமானதாக இருந்தது.

சுருதி இப்படி ஒழுங்கானபின் தாளத்தில் சிக்கினோம்; அதில் தவறு முழுவதும் என்னுடையது. பாட்டு மூன்று எண்ணிக்கை கொண்டது. படிக்கு மூன்று, சுற்றுக்குப் பன்னிரண்டு. நிமிடத்துக்கு 84 எண்ணிக்கை என்ற வேகத்தில், வாசிப்பவர் காதில் காலம் காட்டும் கிளிக் ஓசையை வைத்தேன். 34 சுற்றுகளுக்கு 408 எண்ணிக்கைகள். 4 நிமிடம் 51 நொடி. பேஸும் தியோர்போவும் கிளிக்கைக் கேட்டு வாசித்த தடத்தை முதலில் பதிந்து, அதன் மேல் பாடகியைப் பாடச் சொன்னேன். இது இன்றைய ஒலிப்பதிவின் அன்றாட முறைதான். அவர் நான்கு முறை பாடினார். நான்கும் சுருதி சுத்தம், நான்கும் உயிரில்லாதவை. அவர் எதுவும் வாதிடாமல், 1638-ஆம் ஆண்டு அச்சின் நகலை எடுத்து என் முன் வைத்தார். மொன்டெவெர்டியே அதில் அறிவுறுத்தியிருக்கிறார்: புலம்பலுக்கு முன்னும் பின்னும் வரும் மூவர் பாட்டைக் கையசைவின் தாளத்தில் பாட வேண்டும், புலம்பலை மனத்தின் உணர்ச்சியின் காலத்தில் பாட வேண்டும், கையின் காலத்தில் அல்ல. துணைக் குரல்கள் அவளைத் தொடர்ந்து வர வசதியாகவே அந்தப் பகுதியை மட்டும் எல்லாக் குரல்களும் ஒரே தாளில் தெரியும்படி அச்சிட்டிருக்கிறார். நான் செய்ததோ நேர் தலைகீழ்: காலத்தை முன்பே உறைய வைத்துவிட்டு, அதற்குள் அழச் சொல்லியிருக்கிறேன்.

கிளிக்கை நீக்கினோம். பாடகி, தியோர்போ, டபுள் பேஸ் மூவரும் ஒருவரையொருவர் பார்க்கும்படி நின்று ஒரே மூச்சில் வாசித்தார்கள். இங்கே ஜாஸ் அனுபவம் கைகொடுத்தது. பேஸ் நடை குலையாமல் போய்க்கொண்டிருக்க, பாடகர் அதன் முதுகில் சாய்ந்து பின்தங்கிப் பாடுவது ஜாஸ் பாடகர்களுக்கு இயல்பான பழக்கம். பேஸ் கலைஞர் பாடகியின் பின்னால் ஓடாமலும் அவரை இழுக்காமலும் இருக்கப் பழகியவர். நாங்கள் வைத்துக்கொண்ட ஒரே விதி, ஒவ்வொரு சுற்றின் ஏ-யிலும் எல்லோரும் சந்திக்க வேண்டும் என்பதில்லை; ஈ-யிலிருந்து ஏ-க்குப் போகும் மூச்சு மட்டும் பாடகியுடையது என்பது. அந்த மூச்சில் சில இடங்களில் அரை நொடி கூடியது. மொத்த நீளம் 5 நிமிடத்தைச் சற்றே தாண்டியது. இரங்கும் மூவரின் குரல்களைப் பின்னர் ஒரு நாள் பதிந்தோம். அவர்கள் கிளிக் இல்லாமல், காதொலிப்பானில் அவளைக் கேட்டு, அவளைப் பின்தொடர்ந்தே பாடினார்கள்.

டிரம்ஸை இந்த நெகிழ்ச்சிக்குள் எப்படி நுழைப்பது என்பது எஞ்சிய கேள்வி. மூன்று எண்ணிக்கையைத் தட்டிக்காட்டும் டிரம்ஸ் அதை வால்ட்ஸ் நடனமாக்கிவிட்டது, கேட்டவுடனே கைவிட்டோம். அப்போதுதான் ராக் பக்கத்திலிருந்து ஒரு வழி கிடைத்தது. 1981-இல் கிங் கிரிம்சன் குழுவின் இரண்டு கிட்டார்கள் வெவ்வேறு நீளமுள்ள சொற்கட்டுகளை ஒரே நேரத்தில் வாசித்து, விலகிப் போய், கணக்குப் பார்த்துச் சேர்ந்துகொண்டதைப் போல, டிரம்ஸுக்கு அரை எண்ணிக்கைகள் ஏழு கொண்ட ஒரு சொற்கட்டைக் கொடுத்தோம். சுற்றின் பன்னிரண்டு எண்ணிக்கைகள் 24 அரைகள். கச்சேரி கேட்டுப் பழகிய தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: மிஸ்ரத்தை 24 அட்சர ஆவர்த்தனத்தில் ஓடவிடுவது போன்றது. 24-உம் 7-உம் 168-இல் சந்திக்கின்றன. அதாவது ஏழு சுற்றுகளுக்கு ஒருமுறை டிரம்ஸும் அடிக்குரலும் ஒரே இடத்தில் விழும். எட்டாம் சுற்றின் தொடக்கத்தில் டிரம்ஸ் நுழைகிறது. 15-ஆம் சுற்றின் தலையிலும் 22-இன் தலையிலும் சேர்கிறது. 28-ஆம் சுற்றின் முடிவில் மூன்றாம் முறை சேர வேண்டிய இடத்தில் நின்றுவிடுகிறது. மொத்தம் 21 சுற்றுகள், ஏழின் சொற்கட்டு 72 முறை. மீதி ஆறு சுற்றுகள் தியோர்போவும் குரலும் மட்டுமே. டிரம்ஸ் வாசித்தவர் கதவின் மறுபுறம் பேஸை மட்டும் காதில் கேட்டுக்கொண்டு, பென்சிலும் தாளும் இல்லாமல் இந்த 72-ஐயும் எண்ணினார். ஒன்பதாம் முயற்சியில் சரியாக வந்தது. ஏழின் கட்டு மூன்றின் வலிமையான இடங்களை மாற்றி மாற்றி மறைப்பதால், பாடகி பின்தங்குவது தவறு போலத் தோன்றாமல் பலவற்றுள் ஒரு காலமாகிவிட்டது. நான் எதிர்பார்த்ததற்கு மேலாக வந்த பலன் இது.

பதிந்த தடங்களைச் சேர்க்கும் கலவையில் நான் செய்த கடைசிப் பிழையையும் சொல்லிவிடுகிறேன். இத்தாலியப் பாடகரும் இசையமைப்பாளருமான கச்சினி 1602-இல் வெளியிட்ட பாடல் தொகுதியின் முன்னுரையில் ‘திரில்லோ’ என்ற அணியை விளக்குகிறார்: ஒரே சுரத்தை ‘ஆ’ என்ற உயிரொலியில், தொண்டையால் மீண்டும் மீண்டும் தட்டி, மெதுவாகத் தொடங்கி வேகமாக்குவது. நம் காதுக்குக் கமகம் போலத் தோன்றும்; ஆனால் சுரம் அசைவதில்லை, ஓசையின் அளவு மட்டுமே துடிக்கிறது. எங்கள் பாடகி 31-ஆம் சுற்றில் ஒரே ஒரு முறை அதைச் செய்திருந்தார். கலவையைக் கேட்டபோது அந்த இடத்தில் திரில்லோவைக் காணவில்லை. மங்கிய ஒரு ரீங்காரம் மட்டும் இருந்தது. ராக் பாடல்களுக்குப் போடுவது போல, உரத்த ஓசையைத் தானாகத் தணிக்கும் கம்ப்ரஸரைக் குரலில் போட்டிருந்தேன்: விகிதம் நான்குக்கு ஒன்று, 3 மில்லி நொடியில் பிடித்து 50 மில்லி நொடியில் விடுவது. அது ஒவ்வொரு துடிப்பின் தலையையும் அழுத்தி, இடைப்பட்ட பள்ளங்களை நிரப்பி, நொடிக்கு எட்டு முறை அவர் தொண்டையால் தட்டியதைச் சமதரையாக்கிவிட்டது. கம்ப்ரஸரை முழுவதுமாக எடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் முழுவதற்கும் ஒலி அளவைக் கையாலேயே ஏற்றி இறக்கினேன். மைக்கை வாயிலிருந்து பத்து சென்டிமீட்டரிலிருந்து முப்பத்தைந்துக்கு நகர்த்திப் பதிந்திருந்தது இங்கே உதவியது. அறையின் கான்கிரீட் எதிரொலி சிறிது சேர்ந்திருந்ததால் வேறு எதிரொலி சேர்க்கவும் வேண்டியிருக்கவில்லை.

இன்னும் ஒரு குறை அப்படியே இருக்கிறது. 28-ஆம் சுற்று முடிந்து டிரம்ஸ் நின்ற பிறகு, கடைசியாக அடித்த சிம்பலின் ஓசை அந்தக் கனத்த கதவின் இடுக்கு வழியாகக் குரல் மைக்குக்குள் கசிந்து, 29-ஆம் சுற்றின் ஜி வரை நீள்கிறது. அதை அழித்துவிட மென்பொருள் உண்டு. அழித்துப் பார்த்தேன், பாடகியின் மூச்சொலியும் அதோடு சேர்ந்து போயிற்று. மூச்சு வேண்டும் என்று அவர் சொன்னதால், சிம்பலும் இருக்கிறது.